குளிர் வராத வருஷத்துத் தேனீக்கள்

என் வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் தேனீக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டிய பெண்டாட்டியை "சாப்பிட்டியா?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை இந்த மனுஷன். தேனீப் பெட்டிகளை மட்டும் மெல்லத் தட்டி, "என்னம்மா, எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெட்டிக்குள் உண்ணி இருப்பது எங்களுக்குப் புதிதல்ல. கடுகை விடச் சின்னது, செம்பழுப்பு நிறம். அடையில் மெழுகால் மூடிய அறைக்குள் வளரும் தேனீப் புழுவை உறிஞ்சி, அங்கேயே முட்டையிட்டுப் பெருகும். ஆனால் குளிர் வந்தால் ராணித்தேனீ முட்டையிடுவதை நிறுத்திவிடுவாள். புழு இல்லையென்றால் உண்ணிக்குக் குடித்தனம் நடத்த இடமேது? தேனீக்களின் முதுகில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அப்போது இவர் மருந்துப் புகை போட்டு முக்கால்வாசியை ஒழித்துவிடுவார். வருஷக்கணக்காக இப்படித்தான் வண்டி ஓடியது.

இந்த வருஷம் குளிர் வரவே இல்லை. ஸ்வெட்டரெல்லாம் பீரோவிலேயே கிடந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரி, "என்ன அருமையான வெயில் பாத்தீங்களா அக்கா!" என்று பூரித்துப்போனாள். ராணிகள் முட்டையிட்டுக்கொண்டே இருந்தார்கள். பூக்கள்தான் இல்லை. பாவம், பசிக்குமே என்று இவர் சர்க்கரைப் பாகு காய்ச்சி வைத்தார். பாகு வைக்க வைக்கப் புழு பெருகியது, புழுவோடு உண்ணியும் பெருகியது. புகை போட்டும் பார்த்தார். மூடிய அறைக்குள் அது போகாதே!

"நானே உண்ணிக்கு விருந்து வச்சிருக்கேன்டி" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார். சண்டை போடலாம் என்று வந்தவள், பாகுச் சட்டியை எடுத்துக் கழுவி வைத்தேன்.

இறக்கை சுருங்கிய குஞ்சுத் தேனீக்கள் பெட்டி வாசலில் ஊர்ந்து ஊர்ந்து செத்தன. ஒவ்வொரு பெட்டியாகக் காலியாகி, சமையலறைச் சுவரோரம் இருந்த பெட்டி மட்டும் மிஞ்சியது. மற்ற எல்லாப் பெட்டிகளும் அதிலிருந்து பிரித்தவைதான். அதுவும் போனால் இவருக்கு ஒன்றுமே இல்லை.

அதன் ராணியைப் பிடித்து, தீப்பெட்டி அளவு கம்பிக் கூண்டில் அடைத்து, பெட்டிக்குள்ளேயே வைத்தார்.

"எதுக்குங்க?"

"இனிமே முட்டை வைக்க முடியாது. உண்ணியும் பெருகாது. குளிர் செய்ய வேண்டியதை நான் செய்யறேன்."

"நீங்க என்ன, குளிரா?"

"வேற யாரு இருக்கா, சொல்லு?"

இருந்த புழுக்கள் தீர்ந்ததும் புகை போட்டார். உண்ணி குறையத்தான் செய்தது. ஆனால் அது கடித்துச் சத்திழந்த தேனீக்கள் நிற்காமல் செத்துக்கொண்டிருந்தன. புதிதாகப் பிறக்கவும் எதுவும் இல்லை. ஒரு மத்தியானம் பெட்டியைத் திறந்தால், அடியில் குவியலாகப் பிணங்கள். கூண்டுக்குள் ராணி மட்டும் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள்.

கூண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். நான் நூலைத் தேனில் நனைத்து நீட்டினேன்.

"கூட இருக்கறதுங்க ஊட்டித்தான் இவளுக்குப் பழக்கம். நாம ஊட்டினா ரொம்ப நாள் தாங்க மாட்டா" என்றார்.

தெரிந்தும் ஊட்டினேன். தாங்கவில்லை.

ராணி செத்த மறுநாள் விடிந்தபோது சன்னல் கண்ணாடி முழுக்கப் பனி படிந்திருந்தது. கூண்டு இன்னும் கிடந்த சட்டைப் பையைப் பொத்தியபடி நின்றார்.

"வந்துடுச்சுடி" என்றார்.

நான் ஸ்வெட்டரை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. திட்டுவதற்குத்தான் யாரும் இல்லை.