மதகுக்குப் போன வாசல் கதவு

ஊரில் அவளுக்குப் புதர்க்காரி என்றே பெயர். ஒன்றரை ஏக்கர் மிளகாய்க் கொல்லைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கீற்று நிலத்தை இருபது வருஷமாக வெட்டாமல் புதராக விட்டிருந்தாள். அலை அதில் முட்டித் திரும்பும். "சோம்பேறிக்கு நல்ல சாக்கு" என்று பக்கத்துக் கொல்லைக்கார நாத்தனாரே சொன்னதுண்டு. சொல்லட்டுமே! காலையில் வாய்க்கால் நீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். கரிக்கவில்லை என்றால் அன்றைக்கு அவள் ராணி.

இந்த வருஷம் கரித்தது. வாய்க்கால் கடலைச் சேரும் இடத்து மதகின் பலகை உளுத்துப்போய், கடல் ஏறும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் உள்ளே கசிந்தது. பௌர்ணமிக்குள் புதுப் பலகை போடாவிட்டால் கொல்லை போச்சு. கடன் கேட்டுக் கரைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனாள்.

"கடன் உண்டும்மா," என்றார் அலுவலர். "ஆனா கரைத் திட்டத்துல சேர்ந்தவங்களுக்குத்தான். வெறுங்கரையில செடி நடணும். நடறதுக்கு முன், நட்ட பின்னு படிவத்துல ரெண்டு கட்டம் இருக்கு, அதுல போட்டோ ஒட்டணும்."

"என் கரையிலதான் புதர் மண்டிக் கிடக்கே சார்."

"அதுதான் சிக்கலே. ஏற்கெனவே இருக்கிறதுக்குத் திட்டத்துல இடமில்ல." குரலைத் தாழ்த்தினார். "வெட்டிட்டு ஒரு போட்டோ எடுங்க, அப்புறம் நடுங்க. உங்க நாத்தனார் அப்படித்தான் செஞ்சாங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கரையைக் காப்பாத்தக் கரையை மொட்டையடிக்கணுமா? நல்லா இருக்கு உங்க நியாயம்!" படிவத்தை மேசையிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவள் வாசல் கதவைத் தட்டிப் பார்த்தாள். கெட்டி மரம்.

"கதவைக் கழட்டினா திருடன் வருவான்டி," என்றார் கணவர்.

"வந்தா உங்களையா தூக்கிட்டுப் போகப்போறான்? ரம்பத்தை எடுங்க."

இருவருமாகக் கதவை அளவுக்கு அறுத்து, மதகில் இறக்கி, இடுக்கெல்லாம் களிமண் அப்பினார்கள். வாசலில் பழைய புடவை ஒன்று தொங்கியது.

பௌர்ணமியன்று கடல் பேயாட்டம் ஆடியது. நாத்தனார் நட்ட கன்றுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை; நாத்தனார் கொல்லையில் முழங்கால் தண்ணீர். புதர்க்காரிக்கு மனசு கேட்கவில்லை, மண்வெட்டியோடு போய் நீர் வடிய வழி வெட்டிக் கொடுத்தாள். அவளுடைய புதரில் அலை அடங்கியிருந்தது, கதவும் தாங்கியிருந்தது. வாய்க்கால் நீர் கரிக்கவில்லை.

மறுவாரம் அலுவலர் கேமராவும் கையுமாக வந்து நின்றார். "அம்மா, திட்டத்தால தப்பிச்ச கரைன்னு மேலிடத்துக்குக் காட்டணும். உங்க கரையை விட்டா வேற கதியில்ல. ஒரு கையெழுத்துப் போடுங்க, கடன் உடனே வந்துடும்."

அவள் புதருக்கு முன்னால் போய், இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"தாராளமா எடுங்க. ஆனா முன்னுன்னு போட்ட கட்டத்துலதான் ஒட்டணும். உங்க திட்டம் வர்றதுக்கு முன்னாடியே இது இருந்தது. அப்படின்னாதான் கையெழுத்து."

"அப்ப கடன் கிடைக்காதேம்மா."

"கிடைக்காட்டிப் போகட்டும் சார். கதவில்லாத வீட்டுல காத்து நல்லாவே வருது."