ஒற்றைக் காதுத் தோடு

சோணைமுத்து திருப்பூருக்கு வந்து பதினாறு வருஷத்தில் அவசரமில்லாத நாள் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். நாளொன்றுக்கு அறுநூறு உருப்படி தேய்ப்பார். ஒன்றின் முகத்தைக்கூட இரண்டாம் முறை பார்க்க விடமாட்டார்கள், ஷிப்மெண்ட் காத்திருக்கும்.

அதனாலோ என்னவோ, 2004 ஆனி மாதம் மனைவி பாண்டியம்மாள் தோடு கேட்டபோது, சமையலில் மிஞ்சிய தேங்காய்ச் சிரட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மிஷின் கிடையாது. சின்ன ரம்பம், உப்புத்தாள், பனியன் துணி, கடைசியில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய்.

"கலராவது அடிங்களேன்" என்றாள் பாண்டியம்மாள்.

"நொய்யல் ஆத்துல ஓடுற சாயம் பத்தாதாக்கும்?" என்றார்.

தேய்த்தார், தேய்த்தார், நாலு மாதம் தேய்த்தார். தீபாவளிக்கு முந்தி ஒரு தோடு முடிந்தது. ஒன்றே ஒன்று. பாண்டியம்மாள் வந்த கோபத்தில் அதை வலது காதிலும், பழைய கவரிங் கம்மலை இடது காதிலும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்கும் அதே கம்பெனியில்தான் செக்கிங் வேலை. கேட்டவர்களிடமெல்லாம் புருஷனின் சுறுசுறுப்பை விளக்கினாள். சோணைமுத்து அன்று தலை நிமிராமல் தேய்த்தார்.

அன்றைக்கென்று டென்மார்க்கிலிருந்து, கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்கும் பையர் அம்மா வந்திருந்தார். பனியனைப் பார்க்க வந்தவர் பாண்டியம்மாளின் காதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். சற்று நேரத்தில் மேனேஜர் பெருமாள்சாமி அயர்ன் டேபிளுக்கு ஓடி வந்தார். பின்னாலேயே, ஆர்டர் கணக்குப் பார்க்கும் மெர்ச்சண்டைசர் ஆஷா.

"ஏனுங்க சோணைமுத்து, ஐயாயிரம் ஜோடி வேணுமாமுங்க. எத்தனை நாள்ல முடியும்?"

"ஒரு தோட்டுக்கு நாலு மாசம் சார்."

ஆஷா கால்குலேட்டரைத் தட்டினாள். "மூவாயிரத்து முந்நூத்தி முப்பத்தி மூணு வருஷம் ஆகுதுங்க சார்."

பெருமாள்சாமி கொஞ்சம் யோசித்தார். "ஓவர்டைம் போட்டா?"

இதை ஆஷா இங்கிலீஷில் சொன்னதும் அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தனக்கு ஒரு ஜோடி போதும், எத்தனை மாதமானாலும் காத்திருப்பேன் என்றார்.

"எனக்கே ஒரு காது பாக்கி இருக்கு" என்றாள் பாண்டியம்மாள், எல்லோர் காதிலும் விழும்படி.

அவளுடைய இரண்டாவது தோடு மாசியில் முடிந்தது. அவள் இரண்டையும் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, செக்கிங் டேபிளில் பார்ப்பதுபோலவே பார்த்தாள்.

"ஷேடு மாறுதுங்க. ரிஜெக்ட்."

"அது வேற தேங்கா, இது வேற தேங்கா. எப்படி ஒண்ணுபோல இருக்கும்?"

"ரெண்டையும் ஒரே சிரட்டையில வெட்டியிருக்கலாம்ல?"

எட்டு மாதத்தில் இது சோணைமுத்துவுக்குத் தோன்றவேயில்லை. பாண்டியம்மாள் சிரித்துக்கொண்டே அப்படியே போட்டுக்கொண்டாள். அந்த மாசி முழுக்க அதைக் கழற்றவும் இல்லை.

டென்மார்க் அம்மாவின் ஜோடியைச் சோணைமுத்து ஒரே சிரட்டையில் வெட்டினார். மறு ஐப்பசியில் அவர் வந்தபோது அயர்ன் டேபிளிலேயே காகிதத்தைப் பிரித்துக் கொடுத்தார். அந்த அம்மா அங்கேயே மாட்டிக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். சோணைமுத்து, தான் செய்ததை ஆசை தீரப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தீய்ந்த வாடை வந்த பிறகுதான், அயர்ன் பாக்ஸைப் பனியன் மேலேயே வைத்துவிட்டது தெரிந்தது. பதினேழு வருஷத்தில் அவர் கருக்கிய முதல் உருப்படி அது. பெருமாள்சாமி அதைச் சத்தமில்லாமல் சுருட்டித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பையர் அம்மாவைப் பார்த்துப் புன்னகை செய்தார்.