ஒரே விலைக்காரரின் வயிற்றெரிச்சல்

அந்தத் தெருவில் கண்ணாடி வெட்டிக் கொடுப்பவருக்கு ‘ஒரே விலை’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ இருந்திருக்கும்; கேட்பாரில்லை. ஜன்னலுக்கோ படத்துக்கோ அளவு கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு தொகை சொல்வார், அதோடு வாயை மூடிக்கொள்வார். “கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்க” என்று யாராவது இழுத்தால் முகம் கறுத்துவிடும். அவர் மலைக்கு அந்தப் பக்கத்து ஆள். அங்கே விலையைக் குறைத்துக் கேட்பதும், எதிரில் நிற்பவனைத் திருடன் என்று சொல்வதும் ஒன்று. நல்ல மனுஷர், வேலையும் சுத்தம். ஆனால் பேரம் பேசாமல் ஓர் ஊசிகூட வாங்காத ஊரில் இப்படிப்பட்டவரைக் கொண்டுவந்து கடை போட வைத்தால் என்ன ஆகும்? ஊர் அவரை மரியாதையாக ஒதுக்கி வைத்திருந்தது.

ஊரை விட்டு வந்தது மனைவிக்காக. வேலையாக மலை தாண்டி வந்து, அவள் வீட்டில் ஜன்னல் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் அவளைப் பார்த்து, மயங்கி, அவள் அப்பாவிடம் பெண் கேட்டு, இங்கேயே தங்கிவிட்டார். அவளோ பேரத்தில் புலி. கடைக்காரர்கள் அவளைக் கண்டால் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். அதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷமும் உண்டு.

பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் அவள் நேராக எதிர்ச்சாரியில் இருந்த பழைய சாமான் கடைக்குப் போய்விடுவாள். இந்தத் தடவை அவள் கண் வைத்திருந்தது ஒரு நிலைக்கண்ணாடி மேல். மரச்சட்டம் பரவாயில்லை, ஆனால் பாதி ரசம் போய், முகம் பார்த்தால் மூக்கு இருக்கும், நெற்றி இருக்காது. கண்ணாடிக்காரன் பெண்டாட்டி கண்ணாடி வாங்க அடுத்தவன் கடைக்குப் போகிறாள். ஒரு மனுஷனுக்கு வயிறு எரிய இதைவிட என்ன வேண்டும்?

“நானே புதுசா ஒண்ணு செஞ்சு தர மாட்டேனா?” என்று கேட்டுப் பார்த்தார்.

“அந்தச் சட்டம் அழகா இருக்குங்க” என்றாள். அவ்வளவுதான் பதில்.

அவர் கடையின் முகப்பு முழுக்கக் கண்ணாடி. அங்கே நின்றால் எதிர்க்கடை அப்படியே தெரியும், ஒரு வார்த்தை கேட்காது. இதைவிடப் பெரிய தண்டனையை யாரும் யோசித்துக்கூடக் கொடுத்திருக்க முடியாது. அவள் உள்ளே நுழைந்ததும் அந்தக் கடைக்காரன் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்து, முக்காலியைத் துடைத்துப் போடுவான். டீ வரும். அவள் ஏதோ சொல்வாள். அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்வான். அவள் எழுந்து போவதுபோல் வாசல்வரை வருவாள். அவன் இரண்டு கையையும் நீட்டிக் கூப்பிடுவான். அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர் தன் வீட்டில் பார்த்ததில்லை. வீட்டில் அவளுக்கு அவரிடம் பேச இருந்ததெல்லாம் சாப்பிட வாங்க, சின்னவனுக்குச் செருப்பு வாங்கணும், விளக்கை அணைச்சிடுங்க.

அந்தக் கடைக்காரனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வயது இவர் வயதுதான், ஆனால் தலையில் ஒரு முடி கொட்டவில்லை. இவருக்கோ முன்வழுக்கை. இதையெல்லாம் இவர் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருந்திருக்கலாம். ஆனால் பொறாமை வந்த மனுஷனுக்கு வேறு என்ன வேலை? ஒருநாள் அப்படிப் பார்த்துக்கொண்டே வெட்டியதில், யாரோ ஒருவருடைய ஜன்னல் கண்ணாடி ஒரு சாண் குறைந்து போனது. தொழிலில் அவருக்கு நேர்ந்த முதல் தப்பு அது. துண்டுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு, இதை இன்றோடு முடித்துவிடுவது என்று தெருவைத் தாண்டினார்.

“வாங்கண்ணே, அதிசயமா இருக்கே” என்றான் கடைக்காரன்.

“அந்தக் கண்ணாடி என்ன விலை?”

கடைக்காரன் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு இந்த மனுஷன் பேரத்துக்கு வந்துவிட்டார் என்று நினைத்திருப்பான் பாவம். “தொள்ளாயிரம்” என்று தாராளமாக ஏற்றிச் சொல்லிவிட்டு முக்காலியைத் துடைக்கக் குனிந்தான். நிமிர்ந்தபோது பணம் மேசைமேல் இருந்தது.

“அண்ணே, நான் உங்களுக்கு என்ன தப்பு பண்ணேன்?”

“நீ சொன்ன விலைதானே?”

“சொன்ன விலைதான்” என்றான் அவன். பணத்தைத் தொடவில்லை. “அவங்க நானூத்தம்பதுல நிக்கிறாங்க. எடுத்துட்டுப் போங்க.”

அவன் முகம் செத்துப் போனதைப் பார்த்து இவருக்கு உள்ளூரக் குளிர்ந்தது. கண்ணாடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தன் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்கு ஜெயித்துவிட்ட நடையில் போனார்.

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“எவ்வளவுக்கு?”

“தொள்ளாயிரம்.”

“மொத்தமுமா?” அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். “அவரு என்ன சொன்னாரு?”

முதலில் அவனைப் பற்றித்தான் விசாரணை. இவருக்குச் சுருக்கென்றது. “அவன் என்ன சொன்னா உனக்கென்ன?”

“இங்கே சொன்ன விலையைக் கொட்டிட்டு வந்தா என்ன அர்த்தம் தெரியுமா? இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு அர்த்தம்.”

“ரொம்ப நல்லதாப் போச்சு. நான் சொல்ல நெனச்சது அதுதான்.”

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. “பொறாமையா?”

“ஆமாம்” என்றார். மறைக்கத் தெரியாத மனுஷர். “அவன்கிட்ட சிரிக்கிற சிரிப்பை என்கிட்ட ஒருநாள் சிரிச்சிருக்கியா? ஒரு ரசம் போன கண்ணாடிக்கு அவன்கூட நாள் கணக்கா பேசுறே. என்கூடப் பேச உனக்கு என்ன இருக்கு?”

“பேச நீங்க எங்கே விட்டீங்க? நான் என்ன கேட்டாலும் சரி. எதுக்கெடுத்தாலும் சரி. சுவத்துல பந்தடிச்சாக்கூட திரும்பி வரும்.” அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. “எங்கப்பா, பொண்ணு வேணும்னா ஊரை விட்டு இங்கேயே வந்துடணும்னு கேட்டாரு. எங்க பக்கம்னா மாப்பிள்ளை முறைச்சிக்கிட்டுப் போவாரு, திரும்ப வருவாரு, மாமனாரோட மல்லுக்கட்டி அரை மனசா ஒத்துக்குவாரு. நீங்க ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு சரின்னீங்க. இவளுக்காக நாலு வார்த்தை பேசக்கூட அந்த ஆளுக்கு இஷ்டமில்ல போலன்னு எங்க அத்தைங்க என் காதுபடவே சொன்னாங்க. அன்னிக்கு நான் எவ்வளவு அழுதேன்னு உங்களுக்குத் தெரியாது.”

அவர் கண்ணாடியைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார். அந்தச் ‘சரி’யில் அவருடைய அம்மா இருந்தாள், அண்ணன்மார் இருந்தார்கள், அப்பா விட்டுப்போன கடை இருந்தது. எல்லாவற்றையும் ஒரு பேச்சுப் பேசாமல் அவள் காலடியில் வைத்துவிட்டதாகப் பெருமையோடு இருந்தவர். மலைக்கு அந்தப் பக்கம் அதற்கு மேல் ஒரு மரியாதை கிடையாது.

“என் ஊரையே குடுத்தேன்” என்றார். “அதுக்கு மேல என்ன குடுக்கறது?”

“குடுத்தீங்க, தெரியும். குடுக்கும்போது வலிச்சுதுன்னு ஒரு தடவை சொல்லியிருக்கீங்களா?”

சொன்னால் அது அவளிடம் கணக்குக் கேட்டது போலாகிவிடும் என்றே அவரை வளர்த்திருந்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டதும் அவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தாள்.

“பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். ஒரு மாசம்.”

சரி என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் அதைப் பிடித்து விழுங்கினார்.

“பத்து நாள்” என்றார்.

துணியை அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. அவள் திரும்பாமலே, “இருபத்தஞ்சு” என்றாள்.

“எட்டு.”

“பத்து சொன்னவரு எட்டுக்கு எறங்கக் கூடாதுங்க. மேலதான் வரணும்.”

“எனக்கு இதெல்லாம் தெரியாது.” நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. வாழ்க்கையில் முதல் பேரம், அதுவும் எவ்வளவு பெரிய பேரம். “நீ போக வேணாம்.”

“இதுக்குப் பேரு பேரமா?”

“இல்ல. விலை” என்றார். “இந்த ஊர்ல எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா? இதுல என்னால ஒரு நாள்கூடக் கூட்டிக் குறைக்க முடியாது.”

அவள் இப்போது திரும்பி அவரைப் பார்த்தாள். பேரம் அவள் ரத்தத்தில் ஊறியது, சும்மா விட முடியுமா? “ஒரு வாரம்” என்றாள். அவர் தலையை ஆட்டினார். “ரெண்டு நாள்.” மறுபடியும் ஆட்டினார். “போய் அக்காவைப் பார்த்துட்டு அடுத்த வண்டியில வந்துடறேன்.” அதற்கும் அசையவில்லை. அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாகச் சொன்ன விலைக்கே வாங்கினாள்.

பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்தவள், “ஆனா ஒண்ணு” என்றாள். “காலையில நான் எதிர்க்கடைக்குப் போயாகணும். பாவம், அந்த மனுஷன் ஒடிஞ்சு போயிருப்பாரு. ஒரு மணி நேரமாவது உக்காந்து பேசினாத்தான் மனசு ஆறும்.”

அவர் வயிறு மறுபடியும் குபீரென்று பற்றிக்கொண்டது.

“கால் மணி” என்றார்.

“முக்கால்” என்றாள் அவள், கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு.