இரண்டாம் வரிசை

கரம்பொனில் றெக்ஷன் என்று விசாரித்தால், எந்த றெக்ஷன் என்று திருப்பிக் கேட்பார்கள். மங்கல் றெக்ஷன் என்றால் உடனே கையை நீட்டி வீட்டைக் காட்டுவார்கள். அந்தப் பெயர் மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞானஸ்நான வீட்டில், கமரா வந்த முதல் மாதத்திலேயே அவனில் ஒட்டிக்கொண்டது.

கமராவை அனுப்பியவன் தமையன் நிமலன். பிரான்சில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்கு நிற்கிறான். யாரோ பாவித்து விற்றதை வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரின் பெட்டியில் இரண்டு சேட்டுக்கு நடுவில் சுற்றி அனுப்பியிருந்தான். கறுத்த, பாரமான கமரா. லென்ஸைக் கழற்றிப் பூட்டலாம். அமத்தினால் உள்ளே ஒரு கண்ணாடி எழும்பி விழுகிற 'டக்' கையிலேயே தெரியும். அந்த ஒரு சத்தத்துக்காகவே முதல் கிழமை முழுக்கக் கோழியையும் கிணற்றையும் எடுத்துத் தள்ளினான். மெனு முழுவதும் பிரெஞ்சு. மொழியை மாற்றுகிற இடத்தைக் கண்டுபிடிக்கவும் பிரெஞ்சு தெரியவேண்டியிருந்தது. நிமலனிடம் கேட்டால், "எனக்குக் குசினிப் பிரெஞ்சுதான்ரா தெரியும். அதுக்குள்ளை வெங்காயம் எண்டு எங்கையும் எழுதியிருந்தாச் சொல்லு, விளங்கப்படுத்திறன்" என்றான்.

பத்து நாள் தடவித்தான் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தான்.

பிறகு ஞானஸ்நானம். பின்னணியைக் கரைத்து முகத்தை மட்டும் துலக்குவதுதான் பெரிய கமராவின் அழகு என்று வீடியோ வீடியோவாகப் பார்த்திருந்தான். லென்ஸுக்குள் ஒரு துளை இருக்கிறது. அதை அகலத் திறந்தால் முன்னால் நிற்பவர் மட்டும் தெளிவு. சுருக்கினால் பின்னால் நிற்பவரும் தெளிவு, ஆனால் வெளிச்சம் குறைந்துபோகும். றெக்ஷன் அகலத் திறந்தே வைத்திருந்தான். குடும்பப் படத்தில் முன்வரிசையின் கண்மயிர்களை எண்ணலாம். இரண்டாம் வரிசை புகை. அந்தப் புகைக்குள்தான் பதினெட்டு வருடம் கழித்துக் கனடாவிலிருந்து வந்த பெரியப்பா நின்றார்.

"முன்னுக்கு நிக்கிறது சனம், பின்னுக்கு நிக்கிறது ஆவியளோ தம்பி?" என்று அந்த வீட்டுக்காரர் கேட்டார்.

அதற்குப் பிறகு அவன் எடுத்த எதுவும் ஊருக்குப் பிடிக்கவில்லை. ஃபோன் வெள்ளையாக்கிக் கொடுக்கிற முகத்தை இவன் கமரா உள்ளபடி காட்டியது. "கறுப்பாக்கிப் போட்டான்" என்றார்கள். படம் எடுத்து முடிய முதலே லண்டனிலிருந்து "அனுப்புங்கோ" என்று செய்தி வந்துவிடும். இவனோ கார்ட்டைக் கழற்றி, வீட்டுக்குப் போய், கணினியில் போட்டு அனுப்பவேண்டும். பற்றரி மூன்று கோடு காட்டும். கேக் வெட்டும்போது செத்துவிடும். கடைசியில் அவன் பகலில் மீனவர் சங்கத்தில் மீன் நிறுக்கிற வேலையோடு நின்றுகொண்டான். கமரா அம்மா அல்போன்சம்மாவின் அலுமாரியில், சேலைகளுக்கு மேல் கிடந்தது.

மாக்கிறேற் அக்கா ஒருநாள் நிறுவை மேசைக்கே வந்தார். அவரது மகள் நிரோஜினிக்குக் கலியாணம்.

"டவுன் ஆக்கள் வீடியோ எடுப்பினம். அது அவையின்ரை பாடு. எனக்கு நீர் ஒரு படம் எடுத்துத் தாரும். கோயில் பீடத்துக்கு முன்னாலை எங்கடை ஆக்கள் முழுப்பேரும், இரண்டு வரிசையா. எல்லாற்றை முகமும் தெரியவேணும். கலியாணம் முடிய ஒவ்வொண்டும் ஒவ்வொரு தேசத்துக்குப் போயிடும். பேந்து நான் இவையை ஒண்டாக் காணப்போறேல்லை."

"டவுன் ஆக்களே அதையும் எடுப்பினமே, அக்கா."

"அவங்களுக்குப் பொம்பிளை மாப்பிளையை மரத்திலை ஏத்தத்தான் தெரியும். நீர் ஒருக்கா அடிபட்டனீர். அடிபட்டவன் கவனமாச் செய்வான். பின்வரிசை தெரியாட்டி மட்டும் இந்தப் பேரோடைதான் உம்மைச் சவப்பெட்டியிலை வைப்பினம், சொல்லிப்போட்டன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் றெக்ஷனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு படம். அது சரிவந்தால் அந்தப் பெயர் உதிர்ந்துவிடும் என்று அவனுக்குப் பட்டது. அன்றிலிருந்து வேலை முடிந்ததும் மீன் பெட்டிகளை இரண்டு வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்தைச் சோக்கால் எழுதி, துளையைச் சுருக்கிச் சுருக்கி எடுத்துப் பார்த்தான். பின்வரிசை எழுத்து எல்லாம் வாசிக்க வந்தது. மீன் வாங்க வந்தவர்கள், "பெட்டிக்கும் கலியாணமோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கலியாணத்துக்கு முந்திய ஞாயிறு வள்ளம் ஆசீர்வாதம். அந்தக் கரையில் உழைக்கிற சாமான் எதுவானாலும் அன்றைக்குப் பங்குச் சுவாமி முன்னால் வரவேண்டும். வலை, மெசின், வள்ளம் தள்ளுகிற சவள், ஐஸ் பெட்டி, சங்கத்துத் தராசு கூட. எல்லாவற்றிலும் தீர்த்தம் தெளிப்பார்கள். படம் எடுக்கச் சங்கம் டவுனிலிருந்து பறக்கிற கமராவோடு ஒருவனைப் பிடித்திருந்தது. அந்தக் கோபத்தில் றெக்ஷன் கரைக்கே போகவில்லை. சங்கத்துக் கட்டடத்துக்குள் இருந்து கணக்குக் கொப்பி எழுதினான். தலைக்கு மேல் அந்த இரைச்சல் போய்ப்போய் வந்தது.

செவ்வாய்க்கிழமை கமராவை எடுத்தபோது லென்ஸ் அசையவில்லை. 'லென்ஸோடு தொடர்பு இல்லை' என்று திரையில் வந்தது. ஊதினான். துடைத்தான். கழற்றிப் பூட்டினான். அதே எழுத்து. மேலே ஃபிளாஷைப் பூட்டினால் அதுவும் எரியவில்லை.

புதன் லீவு போட்டுவிட்டு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினான். பண்ணைப் பாலத்தில் அடித்த கடற்காற்றுக்குக் கமராப் பையைச் சேட்டுக்குள் வைத்துப் பிடித்திருந்தான். கமரா திருத்துகிற ஆழ்வாப்பிள்ளை ஒரு சந்துக்குள், ஃபோன் கடைக்குப் பின்னால் இருந்தார். லென்ஸைக் கழற்றி, கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து றெக்ஷனைப் பார்த்தார்.

"நீர் இதைக் கடல்லை போட்டனீரோ?"

"இல்லை ஐயா. நான் மழைக்கே வெளியிலை எடுக்கிறேல்லை."

"அப்ப இந்த உப்பு எங்காலை வந்தது? காத்து உப்பு இப்பிடி இராது. இது தண்ணி காஞ்ச உப்பு." ஊசி முனையால் சுரண்டி வெள்ளைத் துகளைக் காட்டினார். "லென்ஸும் கமராவும் கதைக்கிற பித்தளைப் பொட்டு எல்லாம் அரிச்சுப்போச்சு. ஃபிளாஷ் பூட்டிற இடம் முடிஞ்சுது. பொட்டை நான் துடைச்சுத் தாறன். லென்ஸை இடக்கையாலை உள்ளுக்கு அமத்திப் பிடிச்சீரெண்டால் துளை சுருங்கும். கை இளகினால் திறந்திடும். ஃபோக்கஸைக் கையாலை திருப்பும். ஃபிளாஷை மறந்திடும்."

"சனிக்கிழமை ஒரு கலியாணம், ஐயா."

"அதைத்தான் சொல்லுறன். அமத்திப் பிடியும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் அலுமாரியைப் பற்றி யோசித்தான். கூரை ஒழுகாது. பக்கத்தில் தண்ணீர் இல்லை. பூட்டுத் திறப்பு அம்மாவின் சேலைத் தலைப்பில் முடிந்திருக்கும்.

வீட்டில் அல்போன்சம்மா பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, கமராவை எடுத்தனீங்களோ?"

அவர் கத்தியை நிறுத்தவில்லை. "ஞாயிற்றுக்கிழமை ஒருக்காக் கொண்டுபோனனான். ஏன் மோனை?"

"எங்கை?"

"எங்கையோ? கரைக்குத்தான். எல்லாரும் உழைக்கிற சாமானைக் கொண்டு வந்தினம். நீ கோவிச்சுக்கொண்டு இருக்கிறாய், உன்ரை சாமான் மட்டும் இருட்டுக்குள்ளை கிடக்கிறதோ? வள்ளத்து முன் அணியத்திலை வைச்சனான், வலைக்கு மேலை. கலியாண வேலை தொடங்க முன்னம் ஒரு ஆசீர்வாதம் வேண்டாமே?"

றெக்ஷன் பையைத் திறந்து லென்ஸைப் பார்த்தான்.

"சுவாமி மேலாலை தெளிச்சுக்கொண்டு போகப் பாத்தவர். நான் விடேல்லை. சுவாமி, இது என்ரை பிள்ளையின்ரை, வடிவாத் தெளியுங்கோ எண்டு திருப்பியும் ஒருக்காத் தெளிப்பிச்சனான்."

தீர்த்தத்தில் மந்திரித்த உப்புப் போடுவது அந்தப் பங்குக் கோயிலில் பழைய வழக்கம். சின்ன வயதில் பீடத்துக்கு உதவி செய்தபோது றெக்ஷனே அந்த உப்புத் தட்டை ஏந்தியிருக்கிறான்.

"கமராவிலை தண்ணி படக்கூடாது, அம்மா."

"தண்ணியோ? அது தீர்த்தம்."

"தீர்த்தத்துக்குள்ளை என்ன கிடக்கு?"

அல்போன்சம்மா இப்போதுதான் கத்தியை வைத்தார். மகனின் முகத்தையும் பையையும் மாறிமாறிப் பார்த்தார். "பழுதாப்போச்சோ?"

"அமத்திப் பிடிச்சால் வேலை செய்யும்" என்றான். அதற்குமேல் நின்றால் எதையாவது சொல்லிவிடுவான் என்று பயந்து, மீன் பெட்டி அடுக்கப் போய்விட்டான். கோபிக்கவும் ஏலாது. கோபிக்காமல் இருக்கவும் ஏலாது. அன்றைக்குப் பின்வரிசைப் பெட்டிகளை எடுத்த படங்களில் பாதி தெளிவு, பாதி புகை. கை இளகிய இடமெல்லாம் புகை.

சனிக்கிழமை கோயிலுக்குள் டவுன் ஆட்கள் தங்கள் விளக்குகளோடு நின்றார்கள். குடும்பப் படம் வந்தபோது அவர்கள் விளக்கைக் கழற்றி வெளியே கொண்டுபோய்விட்டார்கள்; படம் முடிய பொம்பிளை மாப்பிள்ளையைக் கடற்கரையில் எடுக்கவேண்டியிருந்தது. மாக்கிறேற் அக்கா தன் ஆட்களைப் பீடத்துக்கு முன்னால் நிரைப்படுத்தினார். பன்னிரண்டு பேர் கதிரையில், பதினைந்து பேர் பின்னால் நீள வாங்கில் ஏறி. அல்போன்சம்மா விலகி நிற்க, "நீ எங்கை ஒளிக்கிறாய், வா" என்று இழுத்துப் பின்வரிசையின் நடுவில் விட்டார்.

றெக்ஷன் கமராவை மூன்றுகால் ஸ்ராண்டில் பூட்டினான். துளையைச் சுருக்கினான். ஃபிளாஷ் இல்லாததால் கமராவின் கண் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கவேண்டியிருந்தது. அந்த நேரம் ஒருவரும் அசையக்கூடாது. அவன் கையும் இளகக்கூடாது.

"ஒருத்தரும் ஆடாதேங்கோ. நான் சொல்லுமட்டும் மூச்சையும் பிடியுங்கோ."

"எங்களைக் கொல்லப் போறான்" என்றது பின்வரிசை.

"ஓம், ஆவியாக்கத்தான்" என்றது முன்வரிசை.

சிரித்து ஓய்ந்தார்கள். றெக்ஷன் லென்ஸை இடக்கையால் உள்ளுக்கு அமத்தினான். பெருவிரல் நகம் வெளுத்தது. 'டக்' என்று கண்ணாடி எழும்பியது. ஒன்று, இரண்டு. விழுந்தது. அடுத்த படத்துக்கு அமத்தியபோது 'தொடர்பு இல்லை' என்ற அந்த எழுத்து திரையில் வந்து நின்றுவிட்டது. என்ன செய்தும் போகவில்லை. முன்வரிசை எழும்பிச் சாப்பாட்டுக்குப் போகத் தொடங்கியது. ஒரு படம்தான்.

வீட்டில் கணினியில் பெருப்பித்துப் பார்த்தான். முன்வரிசை தெளிவு. பின்வரிசை, இடது கரையிலிருந்து ஒவ்வொரு முகமாகப் போனான். நோர்வேக்காரர் தெளிவு. ஜேர்மன்காரியின் மூக்குத்தி தெளிவு. வாங்கில் ஏறி நின்றவர்களின் தலைமயிர் தெளிவு. நடுவில் வந்ததும் சுட்டெலியை விட்டுவிட்டான்.

அம்மா சிலுவை அடையாளம் போட்டிருக்கிறார். கை நெற்றியிலிருந்து நெஞ்சுக்கு இறங்கிய வழி முழுவதும் ஒரு வெள்ளைக் கோடாக முகத்தில் இழுபட்டிருந்தது. கோட்டுக்குப் பின்னால் ஒரு கண் மட்டும் தெரிந்தது. அதுவும் கமராவையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு மாக்கிறேற் அக்கா வீட்டில் படம் கைமாறிக் கைமாறிப் போனது. விரல்கள் முகம் முகமாக நகர்ந்தன. "இது மூத்தவன், இது அவன்ரை மனிசி." தெளிவாக இருந்த இருபத்தேழு முகத்தைப் பற்றியும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. விரல் நடுவில் வந்து நின்றது.

"இஞ்சை பாருங்கோ, அல்போன்சம்மாவை. மங்கல் தாயைக்கூட விடேல்லை."

வீடே சிரித்தது. மாக்கிறேற் அக்காவும் சிரித்தார். வாசல் படலையடியில் நின்ற றெக்ஷன் உள்ளே போகாமல் திரும்பினான்.

வீட்டில் அல்போன்சம்மா கேட்டார்: "என்னவாம், படம் பிடிச்சிருக்காமோ?"

"ஓம்" என்றான்.

"எனக்குத் தெரியும். நீ அமத்தேக்கை நான் உனக்காகச் செபிச்சனான்."

"தெரியும், அம்மா. படத்திலை கிடக்கு."

கமராவை அலுமாரியில் வைத்தான். பூட்டிவிட்டு, திறப்பைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.