ஈட்டிக்காரனை நான் கொன்றிருக்கக் கூடாது

உலகமே பத்துக்குப் பத்து மார்க் போட்ட வீடியோ கேம் என்று யாராவது ஒன்றைக் காட்டினால் எனக்கு முதலில் வருவது எரிச்சல். அதை விளையாடி முடித்த பிறகு வருவது கோபம். திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் நகலுக்கும் சாதிச் சான்றிதழ் நகலுக்கும் வருகிற கூட்டம் பதினொரு மணிக்கு மேல் ஓய்ந்துவிடும். அதன் பிறகு கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஊர் கூடிக் கொண்டாடுகிற விளையாட்டுகளைத் திட்டி இணையத்தில் எழுதுவேன். புனைபெயரில்தான். படிக்கிறவர்கள் நான் ஆண் என்று நினைத்துக்கொண்டு பதிலுக்குத் திட்டுவார்கள். நானும் திருத்தியதில்லை.

என் புகார்கள் எளிமையானவை. ஒரு விளையாட்டில் தகப்பன் ஒருவன் வழியெல்லாம் ஆட்களின் கழுத்தை அறுத்துக்கொண்டே போவான். கடைசியில் மலை உச்சியில் நின்று, வன்முறை மனிதனை என்னவாக ஆக்குகிறது பார் என்று கண்ணீர் விடுவான். அத்தனை கழுத்தையும் என் கட்டைவிரலை வைத்து அறுத்துவிட்டு இப்போது எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று எழுதினேன். இன்னொன்றில் பெரிய நாடு, அழகான மலைகள், மலைக்கு மலை பறிப்பதற்குச் செடிகள். நான் வாரக்கணக்கில் செடி பறித்தேன். அதற்குத் திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தால் உடம்பாவது இளைத்திருக்கும். மூன்றாவது ஒன்றில் குதிரை மேல் உட்கார்ந்து ஆமை வேகத்தில் போக வேண்டும். அதை யதார்த்தம் என்று சிலாகிக்கிறார்கள். ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் அந்த யதார்த்தம் எனக்கு வாரா வாரம் கிடைக்கிறது.

இவையெல்லாம் சில்லறைச் சண்டைகள். என் நிஜமான பகை வேறொரு விளையாட்டோடு. அதைப் பற்றி எழுதும்போது மட்டும் நான் எனக்குச் சாதகமாக ஒரு விஷயத்தை மறைத்துவந்தேன். இப்போது அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆர்.கே.பேட்டையில் என் அக்காவைக் கொடுத்திருக்கிறோம். அக்கா வீட்டுக்காரரை எங்கள் பக்கத்தில் பாவா என்போம். பாவா விசைத்தறியில் வேலை செய்தார். அவருக்கும் எனக்கும் கல்யாணப் பந்தலிலேயே வாய்ச்சண்டை ஆரம்பித்துவிட்டது. அதில் நான் தோற்றதே இல்லை. வீடியோ கேமில் மட்டும் அவர் தோற்றதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போனால் இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்து கார் ஓட்டுவோம். நான் வளைவில் திரும்பும் நேரம் பார்த்து, 'மச்சினி, பால் பொங்குது பாரு' என்று கத்துவார். அக்கா அடுப்பே பற்ற வைத்திருக்க மாட்டாள். திரும்பிப் பார்த்துத் தொலைப்பேன். என் கார் சுவரில் மோதி நிற்கும்.

ஒரு நாள் தறியின் பெல்ட்டில் அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. நடுவில் இருந்த மூன்று விரல்கள் போய்விட்டன. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின.

ஆஸ்பத்திரியில் அக்கா வேண்டிக்கொண்டாள். புருஷன் உயிரோடு வீடு திரும்பினால் மூன்று வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு அவர் பூக்காவடி எடுப்பார் என்று. முதல் வருஷம் ஆடி வந்தபோது காயம் ஆறவில்லை. வேண்டுதல் இருக்கிறவருக்கு முடியாமல் போனால் வீட்டில் இன்னொருவர் அவருக்காக எடுக்கலாம், அது அவர் கணக்கில்தான் சேரும் என்பது எங்கள் குடும்பத்தில் இருக்கிற வழக்கம். அக்காவுக்கு முழங்கால் வலி. அதனால் நான் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு, தோளில் காவடியோடு படியேறினேன். பாவா எனக்குப் பின்னால் வெறுங்கையோடு அரோகரா சொல்லிக்கொண்டே ஏறினார். மேலே போனதும், 'நீ தூக்குனா நான் தூக்குனா மாதிரிதான் மச்சினி' என்றார். கிண்டல் இல்லாமல் அவர் என்னிடம் பேசியது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வந்தது. கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே போவதை நிறுத்திக்கொண்டார். தறிக்கூடத்து ஆட்கள் பார்க்க வந்தால் கையைத் துண்டுக்கடியில் வைத்துக்கொள்வார். எதிர்வீட்டு டீக்கடைக்குக்கூட அக்காதான் தூக்குவாளியோடு போவாள். கார் விளையாட்டையும் தொடவில்லை. கூப்பிட்டால், 'வேணாம்மா, நீ ஜெயிச்சிட்டேன்னு வச்சிக்கோ' என்பார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அடுத்தவர் எழுதிய விமர்சனத்தை நம்பி ஒரு விளையாட்டு வாங்கினேன். உலகம் முழுக்க அதற்குப் பாராட்டு. கடினமானதுதான், ஆனால் மனிதனுக்கு விடாமுயற்சியைக் கற்றுக்கொடுக்கிறது, மனம் உடைந்தவர்களை எழுப்பி நிறுத்துகிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். எல்லா விமர்சனத்தையும் கிழித்துத் தோரணம் கட்டுகிற நான், இதை மட்டும் மருந்துச் சீட்டு மாதிரி மடித்து எடுத்துக்கொண்டு போனேன்.

விளையாட்டு இவ்வளவுதான். இடிந்த கோட்டை. அதற்குள் பல கட்டங்களைத் தாண்டிப் போனால் நீளமான படிக்கட்டு. உச்சியில் ஈட்டியோடு ஒருவன் நிற்கிறான். அவனைக் கொன்றால்தான் கதவு திறக்கும். அவன் நம்மைக் கொன்றால், நீ செத்தாய் என்று கொட்டை எழுத்தில் காட்டிவிட்டு அடிவாரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மறுபடியும் அத்தனை படியும் ஏற வேண்டும். எளிமையாக்கிக்கொள்ள வழியே கிடையாது. திருத்தணிக்காரிக்குப் படியேறுவது புதிதில்லை. ஆனால் எங்கள் மலையில் முடியாதவர்கள் மேலே போக ஒரு சாலையும் இருக்கிறது. அதில் பஸ் போகிறது. பஸ்ஸில் வந்தவனுக்குச் சாமி முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.

இதை அப்படியே இணையத்தில் எழுதினேன். இரண்டு விரல் கையோடு ஒருவர் விளையாட வேண்டியிருந்தால் என்ன செய்வார், ஒரு சுலபமான வழி வைத்தால் உங்கள் கிரீடம் கழன்றுவிடுமா என்று கேட்டேன். ரசிகர்கள் திரண்டு வந்தார்கள். முடியாவிட்டால் விளையாடாதே என்றான் ஒருவன். இது எல்லாருக்குமானது இல்லை என்று இன்னொருவன் பெருமையாகச் சொன்னான். அவர்கள் மேல் இருந்த ஆத்திரத்தில் அன்றைக்கு ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு நாற்பது நகல் தலைகீழாக எடுத்துக் கொடுத்தேன்.

பாவா என்னவோ அதைப் பிடித்துக்கொண்டார். கையில் பிடித்து விளையாடுகிற கன்ட்ரோலரை, அவர் அதை ரிமோட் என்றுதான் சொல்வார், தொடை மேல் படுக்க வைத்துக்கொள்வார். இடது கை ஆளை நடத்தும். வலது கட்டைவிரல் பார்வையைத் திருப்பும். அடிக்க வேண்டிய பொத்தான்களோ போய்விட்ட விரல்களுக்கானவை. நான் பொத்தான்களை இடம் மாற்றி அமைத்துக் கொடுத்தேன். அப்போதும் ஓடிக்கொண்டே அடிக்க முடியவில்லை. நின்று அடித்தால் ஈட்டி நெஞ்சில் இறங்கும்.

ஞாயிறு தவறாமல் போய்ப் பார்த்தேன். 'இன்னா பாவா, ஆச்சா?' என்றால், 'ஆங், செத்துட்டேன். இரு, ஏறிகினு இருக்கேன்' என்பார். மாசக்கணக்கில் இதே பேச்சு. ஒவ்வொரு தடவை அந்தக் கொட்டை எழுத்து வரும்போதும் எனக்கு வயிறு எரிந்தது. ஏற்கெனவே நொந்துபோன மனுஷனைப் பார்த்து நீ செத்தாய், நீ செத்தாய் என்று சொல்வதற்கு ஒரு மெஷினா? இதற்குப் பரிசு வேறு கொடுத்திருக்கிறார்கள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் அக்கா அவரைத் திருவள்ளூருக்கு டாக்டரிடம் அழைத்துப் போனாள். கேஸ் சிலிண்டர் வரும் என்று என்னை வீட்டில் உட்கார வைத்துவிட்டுப் போனாள். காலை பத்து மணி இருக்கும். டிவியைப் போட்டேன். ஈட்டிக்காரன் படி உச்சியில் நின்றுகொண்டிருந்தான். அவன் நின்ற தோரணையே எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் ஒரு தடவை பார்க்கலாம் என்றுதான் ரிமோட்டை எடுத்தேன். குத்து வாங்கிச் செத்தேன். மறுபடி ஏறினேன். நடுவில் சிலிண்டர்காரர் வந்து கத்தினார். கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடி வந்து உட்கார்ந்தேன். என் பத்து விரலும் ஒழுங்காக இருக்கின்றன. பதினோராவது தடவை அவன் மண்டியிட்டு விழுந்தான். கதவு திறந்தது. வெளிச்சம் வந்தது. நான் எழுந்து நின்று அரோகரா என்று கத்தியேவிட்டேன். பாவாவுக்காக இரண்டாவது காவடியையும் மேலே கொண்டு சேர்த்துவிட்டதாகத்தான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மதியம் அவர்கள் வந்ததும் வாசலிலேயே சொன்னேன்.

'பாவா, ஒங்க ஈட்டிக்காரன முடிச்சிட்டேன்! உள்ள போய்ப் பாருங்க.'

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். டிவியைப் பார்த்தார். திறந்த கதவையும், காலியாக இருந்த படி உச்சியையும் உற்றுப் பார்த்தார். தமாஷாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

'யாரு ஒன்ன கேட்டா?' என்றார்.

நான் சிரித்தேன். விளையாட்டுக்குக் கோபப்படுகிறார் என்று நினைத்தேன். அவர் திரும்பியபோது முகத்தில் விளையாட்டு இல்லை.

'சட்டைக்குப் பட்டன் ஒங்கக்கா போடறா. சோறு அவதான் பிசஞ்சி குடுக்கறா. எங்க போனாலும் கூட ஒரு ஆளு. காவடிய நீ தூக்கின. சரின்னேன். இந்த ஒண்ணுதாம்மா நானா பண்ணிகினு இருந்தேன். தோத்தாலும் நான் தோத்துகினு இருந்தேன். இதயும் வந்து புடுங்கிக்கினியா?'

அக்கா குறுக்கே வந்தாள். 'அவளுக்கு இன்னா தெரியும்? நல்லதுக்குத்தான பண்ணா.'

'எல்லாரும் நல்லதுக்குத்தான் பண்றீங்க' என்றார்.

இணையத்தில் ஆயிரம் பேர் திட்டும்போது வராத வெட்கம் அப்போது வந்தது. அவர் டிவி முன்னால் உட்கார்ந்து ரிமோட்டைத் தொடை மேல் வைத்தார்.

'இத அழிச்சிட்டு மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். எப்பிடி?'

'பாவா, இத்தன மாசம் ஆடினது எல்லாம் போயிடும்ங்க. இது பழைய எடத்துக்குத் திரும்பாது.'

'போவட்டும். எந்த பட்டன்னு மட்டும் சொல்லு. அமுக்கறது நான்.'

சொன்னேன். அமுக்கினார். கோட்டை, படி, கதவு எல்லாம் போயின. அன்று டவுன் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு திருத்தணி வரைக்கும் அழுதேன். கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் இரண்டு தடவை தாண்டிப் போனார்.

கடைக்கு வந்து அந்த விளையாட்டைப் பற்றி நீளமாக ஒரு வசை எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தபோது அதில் பாதி எனக்குப் பொருந்தியது. அவரிடம் கேட்காமலே அவரால் முடியாது என்று முடிவு கட்டிய ஆள் நான். முடியாவிட்டால் விளையாடாதே என்று எழுதிய பயலுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவன் திமிரோடு சொன்னதை நான் பாசத்தோடு செய்திருக்கிறேன். அந்த வசையை வெளியிடவில்லை.

அதற்காக அந்த விளையாட்டை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சுலபமான வழி ஒன்று இருந்து, அதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று பாவா சொல்லியிருந்தால், அது அவருடைய வீம்பு. நான் வாயைப் பொத்திக்கொண்டிருப்பேன். அந்த வழியையே வைக்காதவர்களுக்கு அவருடைய வீம்பில் ஒரு பங்கும் கிடையாது. இதைப் படித்துவிட்டு, பார்த்தாயா, எங்கள் விளையாட்டு அவரை நிமிர்த்திவிட்டது என்று எந்த ரசிகனாவது வந்தால், கடைக்கே வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

ஐந்து மாதம் நான் ஆர்.கே.பேட்டை பக்கமே போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை. அக்காதான் போனில் சொன்னாள், எழுந்ததும் உட்கார்ந்துவிடுகிறார் என்று, மறுபடி படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டார் என்று. இன்னும் செத்துக்கொண்டுதான் இருக்கிறாராம். நடுவில் ஒரு நாள் சட்டையைத் தானே மாட்டிக்கொண்டு, பட்டனை மேலும் கீழுமாகப் போட்டபடி டீக்கடைக்குப் போய் வந்தாராம். 'சொன்னா கயட்டிடுவாரோன்னு நான் வாயே தொறக்கல' என்றாள்.

ஆடிக் கிருத்திகை வந்தது. இரண்டாவது வருஷக் காவடி. காலையில் அடிவாரத்தில் அவர்கள் இரண்டு பேரும் பூக்காவடியோடு நின்றிருந்தார்கள். பாவாவின் கை ஆறியிருந்தது. துண்டு இல்லை. இந்தத் தடவை காவடியைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. ஒதுங்கி நின்றேன்.

'இன்னா மரம் மாதிரி நின்னுகினு இருக்கற? தூக்கு' என்றார்.

'நீங்களே தூக்குங்க பாவா. நான் எதையும் தொடல.'

'அட, இது ஒங்கக்கா வேண்டிக்கினது. என்னக் கேட்டுட்டா வேண்டிக்கினா? யாரு தூக்குனா இன்னா, முருகன் கோச்சிக்க மாட்டாரு.' காவடியின் ஒரு முனையை இரண்டு விரலால் பிடித்து என் தோளில் ஏற்றிவிட்டார். பிறகு அந்தக் கையை என் முகத்துக்கு நேராக நீட்டினார். 'ஈட்டிக்காரன் நான் வேண்டிக்கினது. இன்னொரு வாட்டி ரிமோட்டத் தொட்டுப் பாரு, ஒனக்கும் இந்த ரெண்டு வெரல்தான் மிஞ்சும்.'