வெடிச்சத்தத்தில் விட்ட கோல்

டீக்கடை டிவியில், ஓய்வு பெற்ற ஒரு ஜெர்மன் கால்பந்து முன்கள வீரர் அடித்த கோல்களை வரிசையாகப் போட்டார்கள். ஒன்றில் கோலுக்குப் பின்னால் ரசிகர்கள் வெடி வெடிக்கிறார்கள். புகை மண்டுகிறது. அவர் அசராமல் பந்தை உள்ளே அடிக்கிறார்.

"என்னா நெஞ்சழுத்தம் பாத்தீகளா, அண்ணாச்சி!" என்றான் கடைக்காரன்.

எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், மறைக்க மாட்டேன். நானும் முன்களத்தில் ஆடியவன், விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனி அணியில்.

எனக்கு வேலை வெடிமருந்து செலுத்தும் அறையில். முதல் நாளே ஃபோர்மேன் சொல்லிவிட்டார்: "ஏலே, சத்தம் கேட்டா என்னன்னு பாக்காத. கையில இருக்கத அங்கனயே போட்டுட்டு வெளிய ஓடிரு. நின்னு யோசிச்சவன் எவனும் வீடு போய்ச் சேரல."

கம்பெனிகளுக்குள் நடந்த போட்டியில் இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். முதலாளி எல்லோரையும் நிறுத்திச் சொன்னார்: "ஜெயிக்கிற கோலப் போடுதவனுக்கு ஸ்டோர்ல வேலைலே." ஸ்டோர் என்றால் மருந்தைத் தொட வேண்டாம். அன்று என் மனைவி என் பூட்ஸைத் துடைத்து வைத்தாள். அதற்கு முன் அதை அவள் தொட்டதே இல்லை.

ஆட்டம் சமநிலையில் முடியப் போகிறது. பந்து என் காலில். கோல்கீப்பர் விழுந்து கிடக்கிறான். எங்கள் ஆள் எவனோ கோல் விழுந்துவிட்டது என்றே முடிவு கட்டி, கம்பத்துக்குப் பின்னால் ஒரு அணுகுண்டு வெடியைக் கொளுத்திவிட்டான்.

வெடித்தது. நான் பந்தை அங்கேயே விட்டுவிட்டுக் கோட்டுக்கு வெளியே ஓடிவிட்டேன். பக்கத்தில் எதிரணிக்காரன் ஒருவனும் மூச்சிரைக்க நின்றான்.

"என்னண்ணே, பந்த விட்டுட்டு வந்துட்டீக?"

"நீ எதுக்குலே வந்த?"

"நானும் மருந்து ரூமுதாண்ணே."

விட்ட பந்தை எங்கள் லோடுமேன் உள்ளே தட்டினான். அவன் மருந்து அறைப் பக்கமே வந்ததில்லை. ஸ்டோர் அவனுக்குப் போனது.

"நல்லாத்தாம்லே ஆடுன. ஓடிட்டியே, என்ன செய்ய?" என்றார் முதலாளி.

ரிட்டயர் ஆகும்வரை மருந்து அறையிலேயே கிடந்தேன். ஒரு நாள் நிஜமாகவே சத்தம் கேட்டது. யோசிக்காமல் ஓடினேன். உயிரோடு இருக்கிறேன்.

அணியில் ஆடுகிற மருந்து ரூம் பிள்ளைகளே, ஜெர்மன்காரரைப் பார்த்து நின்று பழகாதீர்கள். சத்தம் கேட்டால் ஓடுங்கள், கோல் போனால் போகிறது. உயிருக்குப் பயமில்லாத வேலையைப் பந்துக்குப் பரிசாக வைக்கிற முதலாளிக்கு மட்டும் ஆடிக் கொடுக்காதீர்கள்.