ஒரு மூச்சுக்கு நாலு நாடா

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவைக் கேட்டால் தெரியும். அந்த வாய்தான் என் வீட்டுக்காரரைக் காப்பாற்றியது என்று இன்றும் மார்தட்டிச் சொல்வேன்.

உடலையும் கரையையும் தனித்தனி நூலில் ஓட்டிக் கோக்கும் கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு அவர் நூல் சுற்றிய நாடாவைத் தறியில் ஓட்டுவார். கரைக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுவேன். பன்னிரண்டு வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரே தாளம்.

நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்த மத்தியானம் தறிக்கு ஓய்வு, ஆண்களுக்குக் குவார்ட்டர். அன்றும் அப்படித்தான் குடித்துவிட்டு வந்தார். இடுப்பு வலிக்கும் தூக்கத்துக்கும் வழக்கமாகப் போடும் மாத்திரைகளை விழுங்கிவிட்டுப் படுத்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சோறு தின்ன உலுக்கினேன்; அசையவில்லை. அக்கம்பக்கத்திலிருந்து ஓடிவந்தவர்கள், போதை தெளிந்தால் தானே எழுந்துவிடுவான், வாயில் மோரை ஊற்று என்றார்கள். நினைவில்லாதவர் வாயில் மோரா? சொம்பைத் தட்டிவிட்டேன்.

மார்பில் ஒரு கையை வைத்தேன். ஏறியது, இறங்கியது, அப்புறம் ஒன்றுமில்லை. மறு கை பழக்கதோஷத்தில் வெறும் காற்றில் நாடா ஓட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அதற்குப் பிறகுதான் அடுத்த மூச்சு வந்தது.

"இது போதை இல்லபா, மூச்சு நின்னுக்கினு வருது. ஆட்டோ கொண்டாங்க."

நான் போட்ட கூச்சலில் ஆட்டோ வாசலுக்கு வந்துவிட்டது. மாத்திரை அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டேன். வழியெல்லாம் அவர் கன்னத்தில் தட்டி, மூச்சு விடு, மூச்சு விடு என்று கத்திக்கொண்டே போனேன்.

குடியும் அந்த மாத்திரையும் சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும், குடித்துவிட்டுத் தூங்குகிறான் என்று விட்டிருந்தால் அப்படியே போயிருப்பார் என்றார் டாக்டர். மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் கண் திறந்து, பசிக்குது என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வார்டில் பார்த்தவர்களிடமெல்லாம் கதையைச் சொன்னேன். நர்ஸ் அதட்டியும் அடங்கவில்லை.

எதிர்வீட்டு அக்கா காபி கொண்டுவந்தார். நாடா எண்ணியது, மோரைத் தட்டிவிட்டது, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் மாத்திரை அட்டையைக் காட்டி அவரிடமும் கொட்டினேன். அவர் வீட்டுக்காரர் போன வருஷம் குடித்துவிட்டுப் படுத்தவர், தூக்கத்திலேயே போய்விட்டார். குடி கொண்டுபோய்விட்டது என்றுதான் தெருவில் பேசிக்கொண்டோம். அது எனக்கு உறைத்தபோது முழுக்கச் சொல்லி முடித்திருந்தேன்.

அக்கா டம்ளரை என் கையில் வைத்தார்.

"அவரும் இதே மாத்திரதாமா போட்டுக்கினு இருந்தாரு. நல்லா தூங்கட்டும்னு நாந்தான் கதவ சாத்திட்டு வந்தேன்."